நீலகிரித் தைலமும் நீலகிரிச் செடியும்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்து, "நீலகிரித் தைலம் ஒரு குப்பி" என்று கேட்டால், கடைக்காரர் யாதொன்றும் வினவாமல் எடுத்துத் தருவார். அந்தக் குப்பியில் இருப்பது யூக்கலிப்டஸ் மரத்தின் எண்ணெய். அம்மரமோ ஆஸ்திரேலிய மண்ணில் பிறந்தது. அதே கடையில் "விண்டர்கிரீன் எண்ணெய் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது வெள்ளைக்காரன் சரக்காயிற்றே" என்ற விடை பெரும்பாலும் வரும். ஆனால் அந்த எண்ணெயைத் தரும் செடி, நீலகிரி மலையில் மனிதன் கைபடாமல் தானே வளர்ந்து பூத்துக் காய்ப்பது. பெயரால் நீலகிரிக்கு உரியது பிறப்பால் அயலானது. பெயரால் அயலானது பிறப்பால் நீலகிரிக்கு உரியது. இந்த மாறாட்டம் எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை வெறும் பெயர் வேடிக்கை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் அறிவியல் மூலை அமைத்தோம். வீட்டிலிருந்து மணமுள்ள பொருள் ஏதேனும் ஒன்று கொண்டு வருமாறு நான்காம் ஆண்டு மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். ஏலம், கிராம்பு, பண்டான் இலை, கோடாலித் தைலம் என்று மேசை நிரம்பியது. ஒரு சிறுவன் மட்டும் முத்திரை உடையாத குப்பி ஒன்றைக் கொண்டு வந்தான். ஊட்டிக்குச் சுற்றுலா சென்ற உறவினர் அவன் பாட்டிக்கு வாங்கி வந்ததாம். சீட்டில் ஊட்டி என்றும் நீலகிரி என்றும் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர் இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் விண்டர்கிரீன் என்றிருந்தது. மாலையில் குப்பியைத் திரும்பப் பெற வந்த பாட்டியிடம், இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். "சளி புடிச்சா சீனியிலே ரெண்டு சொட்டு விட்டுப் பேரனுக்குக் குடுக்கத்தான் வாத்தியாரய்யா. நீலகிரித் தைலந்தானே? எங்கம்மா எனக்கு அப்படித்தான் குடுத்தாங்க" என்றார். எனக்குத் திக்கென்றது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் செடியைப் பார்ப்போம்.

செடியியலார் எரிகேசி என்று வழங்கும் குடும்பம் ஒன்றுண்டு. ஆங்கிலேயர் நாட்டில் மரமற்ற பொட்டல் மேடுகளைப் போர்த்து நிற்கும் ஹீத் என்னும் குறுஞ்செடியைக் கொண்டு, பொதுமக்கள் அதனை ஹீத் குடும்பம் என்பர். நீலகிரியில் செந்நிறப் பூவாய்ப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரம் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்துச் செடிகளுள் பெரும்பாலானவை புளிப்புத் தன்மையுள்ள மண்ணையும் குளிர்ச்சியையும் விரும்புவன. வேரில் ஒருவகை நுண்பூஞ்சையைக் குடிவைத்துக்கொண்டு, மற்றச் செடிகள் வாழ மறுக்கும் வறிய மண்ணிலும் உணவு தேடிக் கொள்வன. இக்குடும்பத்தின் ஒரு பேரினமே கோல்த்தேரியா. ஆண்டு முழுதும் இலை உதிராது பசுமையாய் நிற்கும் புதர்; சிறு மணிகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டாற்போன்ற வெண்பூக்கள்; பூ முடிந்ததும் மணிமணியாய்க் கனிகள். இவ்வளவும் ஒரு சிறு புதரில் அமைந்திருப்பதனால் மேல்நாட்டார் இதனைத் தோட்டத்தில் வைத்துப் போற்றியதில் வியப்பில்லை. மற்றச் செடியெல்லாம் இலையுதிர்ந்து நிற்கும் பனிக்காலத்தில் பச்சை இலையும் சிவந்த கனியுமாக நிற்பதால், அவர்கள் இதற்குப் 'பனிக்காலப் பச்சை' என்று பொருள்படும் பெயரிட்டனர். விண்டர்கிரீன் என்பது அதுதான். பனியே காணாத கிள்ளானில் அப்பெயருக்கு ஒரு பொருளும் இல்லை.

கோல்த்தேரியா என்ற பெயர் வந்த வகையும் கேட்கத் தக்கது. செடிகளுக்கு இருசொற் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தம் மாணவர் பேர் கால்ம் என்பவரை வட அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1749 ஆம் ஆண்டில் கால்ம் கனடாவின் கியூபெக் நகரை அடைந்தபோது, அங்கே அரச மருத்துவராயிருந்த கோல்த்தியே என்னும் பிரெஞ்சுக்காரர் அவரைக் காடு மேடெல்லாம் அழைத்துச் சென்று செடிகளைக் காட்டினார். அந்த நன்றியை மறவாத கால்ம், தரையோடு படரும் ஒரு கனிச்செடிக்கு அம்மருத்துவரின் பெயரைச் சூட்டினார். 1753 இல் லின்னேயஸ் தம் பெருநூலில் அதனை ஏற்றுக்கொண்டார். அச்செடியை அந்நாட்டுப் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிவர். அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், வலிக்கு ஒற்றடம் கொடுப்பதும் அவர்தம் வழக்கம். அமெரிக்கர் ஆங்கிலேயரோடு பகைத்துத் தேயிலையைக் கைவிட்ட காலத்தில், இதன் இலையே சில வீடுகளில் தேயிலைக்கு மாற்றாயிற்று. வழிகாட்டிய மருத்துவருக்குப் பெயரளவில் ஒரு செடி கிடைத்தது; பழங்குடி மக்களுக்கு அதுவும் இல்லை.

பின்னர் இவ்வினத்துச் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலேயர் தோட்டங்களுக்கு வந்தன. ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் டக்ளஸ் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஷாலான் என்னும் உயரமான வகையின் விதைகளை 1826 இல் அனுப்பினார். பெருநிலக்கிழார்கள் வேட்டைப் பறவைகள் ஒளிந்து வாழ்வதற்கென்று அதனைத் தம் காடுகளில் நட்டனர். அது வேலி கடந்து பரவி, அந்நாட்டின் இயற்கையான ஹீத் நிலங்களையே மூடிவிட்டது. அழகுக்கென்று கொண்டு வந்த ஆகாயத்தாமரை நம் ஆறுகளை அடைத்துக்கொண்ட கதையை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

தோட்டக்காரர் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து 1828 அளவில் வந்த மற்றொரு கனிப்புதர். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா என்று பல நிறங்களில் பட்டாணி அளவுக் கனிகள் பனிக்காலம் முழுதும் கிளையில் நிற்கும். இதற்குப் பெர்னெட்டியா என்று பெயர். போகன்வில்லாப் பூவால் நாமெல்லாம் பெயரறிந்த பூகன்வில் என்னும் கப்பல் தலைவருடன் 1763 இல் ஃபால்க்லாந்துத் தீவுகளுக்குச் சென்ற பெர்னெட்டி என்னும் துறவியின் நினைவாக வைத்த பெயர் அது. இதனை வாங்கி நட்ட பலர், "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று குறைப்பட்டுக் கொண்டனர். காரணம், நம் பனைமரத்தைப் போல இதிலும் ஆண் வேறு பெண் வேறாக நிற்பதே. ஆண்பனை ஒன்றும் அருகில் இல்லாமல் பெண்பனை நுங்கு தருமா? ஆண்செடி ஒன்றைக் கூட்டி வைத்த பிறகே தோட்டங்களில் கனி குலுங்கிற்று.

இங்கே ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தக்க நுட்பம் ஒன்று உளது. கோல்த்தேரியாவின் 'கனி' உண்மையில் கனியன்று. உள்ளே இருப்பது உலர்ந்து வெடிக்கும் ஒரு சிறு காய். அதைச் சூழ்ந்த புல்லிவட்டமே பருத்துச் சதைப்பற்றாகிக் கனிபோல் தோன்றுகிறது. பெர்னெட்டியாவிலோ சூலகமே கனிந்து உண்மைக் கனியாகிறது. இந்த வேற்றுமையைக் கொண்டே இரண்டையும் வெவ்வேறு பேரினங்களாக நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தனர். ஆனால் தோட்டத்தில் அருகருகே வைத்தபோது இரண்டும் தாமே கலந்து கலப்புச் செடிகளை ஈன்றன. இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் தோன்றிய கலப்பு ஒன்று புகழ்பெற்றது. இரு பெயர்களையும் ஒட்டவைத்து அதற்குக் கோல்நெட்டியா என்று ஒரு புதுப்பெயர் வைத்துச் சமாளித்தனர். இறுதியில் 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிஞர்கள் பெர்னெட்டியாவைக் கோல்த்தேரியாவுக்குள் அடக்கிவிட்டனர். எனினும் செடி விற்போரும் வாங்குவோரும் பழைய பெயரை விட்டார்களில்லை. கடைவீதியில் ஒருமுறை ஒட்டிக்கொண்ட பெயரை எந்தப் புலவரும் எளிதில் உரித்துவிட முடிவதில்லை. நம் நீலகிரித் தைலத்தின் கதையும் அதுவே.

இனி நம் மலைக்கு வருவோம். நீலகிரி என்ற பெயர் பழையது. யூக்கலிப்டசின் நீலச் சாயலால் மலைக்கு அப்பெயர் வந்ததென்று சில மாணவர் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். அம்மரம் வருமுன் பல நூற்றாண்டுகளாகவே மலைக்கு அப்பெயர் உண்டு. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுச் செடியியலார் லெஷனோ, 1819 இல் அம்மலை மீதேறிச் செடிகளைத் திரட்டினார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறியதும் அதே ஆண்டில்தான். மேல்மலையில் சோலைக்காடுகளின் ஓரங்களிலும் புல்வெளிச் சரிவுகளிலும் பரவி நிற்கும் கோல்த்தேரியாப் புதர்களுக்குப் பிற்காலத்தில் லெஷனோவின் பெயரும் இடப்பட்டது. இதற்கிடையே கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த வாலிக், இமயத்தின் பக்கத்தில் வளரும் செடிக்கு 1820 இல் 'மிக்க மணமுடையது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். இமயத்துச் செடியும் நீலகிரிச் செடியும் ஒன்றே என்று கொண்டு, இன்று வாலிக் வைத்த பெயரே பெரிதும் வழங்குகிறது. நேபாள மலைவாசிகள் இதனைத் தசிங்கரே என்று தம் மொழியில் அழைக்கின்றனர். தோலகா மாவட்டத்தில் இலையைக் காய்ச்சி எண்ணெய் இறக்குவது ஒரு தொழிலாகவே நடைபெற்று வருகிறது.

உதகையில் குடியேறிய ஆங்கிலேயர் தம் ஊரை அங்கே படைத்துக்கொள்ள விழைந்தனர். ரோஜாவும் முட்புதர்களும் பழமரங்களும் கப்பலேறி வந்தன. 1848 இல் மக்கைவர் என்பவர் தாவரத் தோட்டத்தை உருவாக்கத் தொடங்கினார். மேல்நாட்டுத் தோட்டங்களில் ஓர் இனத்துக் கனிப்புதருக்கு ஆண்செடி தேடி அலைந்த அதே காலத்தில், அதன் உறவான செடி உதகையின் பாதையோரங்களில் காட்டுப்புதராய்க் கவனிப்பாரின்றி நின்றது என்பதே என் எண்ணம். வீட்டு வாயிலில் விளைவதை எவரும் தோட்டச் செடி என்று மதிப்பதில்லை போலும்.

யூக்கலிப்டஸ் வந்தது 1843 இல். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த காட்டன் என்னும் கேப்டன் அதனை உதகையில் நட்டார் என்பர். குடியேற்றம் பெருகப் பெருக விறகுத் தட்டுப்பாடு வந்தது. விரைந்து வளரும் இம்மரத்தை விறகுக்கென்று அரசாங்கம் பெரும் பரப்பில் நட்டது. புல்வெளிகளும் சோலைகளும் சுருங்கின. உதிர்ந்த இலையைக் கூட்டி வந்து, தகரக் கொட்டகையில் செப்புக் கொப்பரை வைத்துக் காய்ச்சி எண்ணெய் இறக்குவது ஏழைகளின் தொழிலாயிற்று. குப்பிகள் மலையிறங்கி ஊரூராய்ப் பரவியபோது, வாங்கியவர் மரத்தின் வாயில் நுழையாத பெயரை விட்டு, வந்த மலையின் பெயரால் அதனை 'நீலகிரித் தைலம்' என்றனர். தைலம் மலையிலிருந்து வந்தது. ஆதலின் மலையின் தைலம். இதில் மக்களைக் குறைகூற ஒன்றுமில்லை. அவ்வழியே அச்சொல் கப்பலேறி இந்நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. இங்கே மற்றொரு முடிச்சும் விழுந்தது. மலாய்க்காரர் 'காயு பூத்தே' என்று வழங்கும் எண்ணெய் யூக்கலிப்டசின் உறவான வேறொரு மரத்தினுடையது. லயத்து வீடுகளில் அதற்கும் நீலகிரித் தைலம் என்றே பெயர்.

நம் செடிக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்தது. அந்த வரலாறு பலரும் அறியாதது. சற்று விரித்துச் சொல்வேன்.

மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய கொய்னாவைத் தரும் சிங்கோனா மரங்களை அரசாங்கம் நீலகிரியில் பயிரிட்டிருந்தது. 1901 இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலை அடக்குமுன் இவ்வட்டாரத்தில் எத்தனை தமிழர் அந்நோயால் மாண்டனர் என்பதை நினைத்தால், சிங்கோனாவின் அருமை நமக்கு விளங்கும். அம்மரப்பட்டையைச் சோதிப்பதற்கென்றே 1860 களில் பிராட்டன் என்னும் வேதியியலார் உதகைக்கு அனுப்பப்பட்டார். பட்டையைச் சோதித்தவர் பக்கத்தில் நின்ற புதரையும் சோதித்தார். நீலகிரிக் கோல்த்தேரியாவின் இலையைக் காய்ச்சி இறக்கிய எண்ணெய், அமெரிக்காவிலிருந்து வரும் விலையுயர்ந்த விண்டர்கிரீன் எண்ணெயோடு ஒத்தது என்றும், ஒருவகையில் அதனினும் தூயது என்றும் கண்டார்.

அது லிஸ்டர் என்னும் மருத்துவர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு அறுவைப் புண்கள் சீழ்ப்பிடியாமல் காக்கும் முறையை 1867 இல் வெளியிட்டு உலகையே வியப்பில் ஆழ்த்திய காலம். மருத்துவமனைகளுக்கெல்லாம் அந்த அமிலம் வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு அது கப்பலில் வந்தாக வேண்டும். விண்டர்கிரீன் எண்ணெயைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடேற்றி முறைப்படி வடித்தால் தூய கார்பாலிக் அமிலம் கிடைக்கும். காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் புதரிலிருந்தே அதனைச் செய்யலாமே என்று பிராட்டன் கருதினார், செய்தும் பார்த்தார். அமிலம் நன்றாகவே வந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. இங்கிலாந்தில் விளக்குவாயு செய்யும் ஆலைகளில் மிஞ்சும் நிலக்கரித் தாரிலிருந்து அதே அமிலம் மலிவாகக் கிடைத்தது. அதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டு வந்தாலும் மலைச்செடி போட்டியிட முடியவில்லை. முயற்சி அத்தோடு நின்றது. பிராட்டனின் கணக்கு வேறுவிதமாக முடிந்திருந்தால், யூக்கலிப்டசுக்கு ஈடாக நீலகிரிச் சரிவுகளில் கோல்த்தேரியாத் தோட்டங்கள் வரிசை வரிசையாய் எழுந்திருக்கக்கூடும். 'நீலகிரித் தைலம்' என்ற பெயர் உரியவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும்.

இந்த எண்ணெயின் உள்ளமைப்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேலாக மெத்தில் சாலிசிலேட் என்னும் ஒரே பொருள்தான் உள்ளது. யூக்கலிப்டஸ் போன்ற எண்ணெய்களில் பல பொருள்கள் கலந்து நிற்கும், இது அப்படியன்று. ஓகுஸ்ட் காயூர் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1843 இல் இதன் இயல்பை வெளிப்படுத்தினார். இலைக்குள் இப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கிறது. இலை நசுங்கும்போது பிணைப்பு அவிழ்ந்து மணம் வெளிப்படுகிறது. ஆதலின் காய்ச்சுவோர் இலையை வெந்நீரில் ஊறவைத்துப் பிறகே கொப்பரையை அடுப்பேற்றுவர். நூறு கிலோ இலையைக் காய்ச்சினாலும் ஒரு கிலோ எண்ணெய் தேறுவதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியர் சாலிசிலிக் அமிலத்தை ஆலையிலேயே செய்யக் கற்றதும் இவ்வெண்ணெயையும் செயற்கையாகச் செய்ய வழி பிறந்தது. 1899 இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் மருந்தும் அதே சாலிசிலிக் அமிலத்தின் மகவேயாகும். இந்த உறவைக் கருத்தில் வைத்துக்கொள்க. பாட்டியின் குப்பிக்கு இது தேவைப்படும்.

இன்று நம் வீடுகளில் உள்ள தைலங்களுள் இப்பொருள் கலவாதன குறைவு. 1928 இல் சிங்கப்பூரில் தோன்றிய கோடாலித் தைலத்தில் யூக்கலிப்டஸ் எண்ணெயும் உண்டு, மெத்தில் சாலிசிலேட்டும் உண்டு. வெவ்வேறு கண்டத்தவரான இரண்டும் ஒரே குப்பியில் உடன்வாழ்கின்றன. இந்தியாவிலிருந்து வரும் வலிக்களிம்புகள் சிலவற்றின் அட்டையைப் படித்தால் 'கந்தபுர தைலம்' என்ற சொல் காணப்படும். அது விண்டர்கிரீன் எண்ணெயின் வடமொழிப் பெயர். இந்தோனேசியர் இதே எண்ணெயை 'மிஞாக் கந்தபுரா' என்கின்றனர். வடமொழிச் சொல் இந்தியாவிலும் சாவகத்திலும் ஒரே எண்ணெயைக் குறிக்க வழங்குவது கடல்கடந்த பழந்தொடர்பின் எச்சம் என்று கருதலாம். சாவகத்து மலைகளில் வளரும் கோல்த்தேரியாவுக்கு டச்சு அரசின் செடியியலார் பிளூம் 1826 இல் 'வெண்கனியுடையது' என்று பொருள்படும் பெயரிட்டார்.

அந்த வெண்கனிச் செடி நம் நாட்டிலும் உண்டு என்பதை நான் நூலில் படித்தறிந்தேன். நூல் என்றபோது ஒருவரைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. சென்னை மாகாணத்தின் செடிகளையெல்லாம் தொகுத்துப் பெருநூலாக 1915 முதல் வெளியிட்டவர் காட்டதிகாரியாயிருந்த கேம்பிள். தமிழ்நாட்டுச் செடியியல் மாணவர்க்கு இன்றளவும் அது கைந்நூல். அதே கேம்பிள், அதற்குமுன் ஜார்ஜ் கிங் என்பவரோடு சேர்ந்து மலாயாத் தீபகற்பத்தின் செடிகளைத் தொகுத்து எழுதிய பெரும்பணியிலும் ஈடுபட்டிருந்தார். இங்குள்ள மலைகளில் கிடைத்த ஹீத் குடும்பத்துச் செடியொன்று தென் அமெரிக்கப் பெர்னெட்டியாவைப் போலிருக்கக் கண்டு, அவ்விருவரும் அதற்குப் 'பெர்னெட்டியா போன்றது' என்று பொருள்பட பெர்னெட்டியாப்சிஸ் என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டு மலைக்கும் மலாயா மலைக்கும் ஒரே கை பெயர்ப்பட்டியல் எழுதிற்று.

கோலாலம்பூரில் தெளிந்த காலையில் கிழக்கே நீலமாய்த் தெரியும் தித்திவாங்சா மலைத்தொடரிலேயே வடக்கில் கேமரன் மலை உள்ளது. வில்லியம் கேமரன் 1885 இல் கண்டு குறித்த மேட்டுநிலம் அது. 1929 இல் அங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதும், காட்டை வெட்டிக் கொழுந்து பறித்தவருள் பெரும்பகுதியினர் தமிழரே. ஆங்கிலேயர் தம் மலை மனைகளில் ரோஜாவும் இங்கிலாந்துப் பூச்செடிகளும் வளர்த்தனர். உதகையில் நடந்ததே இங்கும் நடந்தது. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்தில் பாசி போர்த்த காட்டின் விளிம்பில் வெண்கனிச் செடி நிற்கிறது. ஆசிரிய நண்பர்களுடன் ஒருமுறை அங்கே சென்றேன். செடியில் கைவைக்கக் கூடாது என்பதனால், கீழே உதிர்ந்து கிடந்த ஓர் இலையை எடுத்து நசுக்கி முகர்ந்தேன். உடனிருந்த நண்பர், "கோடாலித் தைலம் யார் பூசியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

திரும்பி வந்து வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் அதைப் பள்ளித் தோட்டத்தில் நடலாம் என்றனர். கிள்ளான் பக்கத்துக் கரிச்சேற்று நிலம் புளிப்புத் தன்மை மிக்கதுதானே, செடிக்கு அது பிடிக்குமே என்று ஒரு மாணவி வாதிட்டாள். வாதம் நன்று, ஆனால் மண் ஒத்தாலும் இவ்வெம்மை ஒவ்வாது. செம்பனை விளையும் தாழ்நிலத்தில் இச்செடி ஒரு மாதம் தாங்குவது அரிது. ஆகவே எங்கள் பள்ளிக்குக் கிட்டியது எண்ணெய் மட்டுமே.

இப்பொழுது பாட்டியின் குப்பிக்கு வருகிறேன். தூய விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்கு நிகரானது. 300 மில்லிகிராம் மாத்திரை இருபதுக்கு மேல் ஒரேயடியாய் விழுங்கினாற்போல என்று கணக்கிட்டுப் பார்க்க. சிறு குழந்தை அந்த ஒரு தேக்கரண்டியாலேயே உயிரிழந்ததுண்டு. இனிய மணம் வேறு. மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை தானே குடிக்கவும் கூடும். யூக்கலிப்டஸ் எண்ணெயும் குடிக்கத் தக்கதன்று. அதனாலும் குழந்தைகள் வலிப்புக் கண்டு மயங்கியதுண்டு. ஆனால் முன்னோர் இரண்டு சொட்டு கொடுத்துப் பழகிவிட்டனர். அந்தப் பழக்கம், நீலகிரி என்ற ஒரு பெயரின் வழியே, அதனினும் கொடிய ஒன்றிற்குத் தாவ இருந்தது. இரண்டு சொட்டு என்று தொடங்கியது கைநடுங்கினால் எவ்வளவாகும் என்று யார் அளப்பார்? மேலே தேய்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். குருதி உறையாமைக்கு மருந்துண்ணும் முதியோர் இத்தகைய களிம்பை மிகுதியாகப் பூசுதல் தீது என்று மருத்துவர் கூறுவர்.

பாட்டியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "இது நீலகிரித் தைலம் இல்லை அம்மா, வேறு, உள்ளுக்குக் கொடுத்தால் பேரன் உயிருக்கே ஆபத்து" என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீலகிரின்னு போட்டிருக்குன்னுதானே வாங்கியாந்தவன் சொன்னான்?" என்றார். போட்டிருந்தது உண்மை, அதில் பொய்யும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பேரனே இறுதியில் சிறிய எழுத்தைப் படித்துக் காட்டினான். முழங்கால் வலிக்குப் பிறகு அதைத் தேங்காயெண்ணெயில் கலந்து தேய்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஆண்டே அறிவியல் மூலையில் இரண்டு குப்பிகளை வாய்மூடி அரக்கு வைத்து நிறுத்தினோம். ஒன்றிற்கு 'யூக்கலிப்டஸ்: பிறந்த நாடு ஆஸ்திரேலியா' என்று சீட்டு ஒட்டியாயிற்று. மற்றதற்குத் தமிழில் என்ன பெயர் எழுதுவது என்பதில் வகுப்பில் பெரிய வழக்கு நடந்தது. ஒருவன் 'பனிப்பச்சை' என்றான். பனியைப் பார்த்தவர் யார் என்று மற்றவர் மறுத்தனர். நான் 'கந்தபுரத் தைலம்' என்றேன். அட்டைகளில் முன்பே வழங்கும் பெயராதலின் அதுவே தக்கது என்று இன்றும் கருதுகிறேன். அப்பொழுது அந்தச் சிறுவன் எழுந்து, "எங்க பாட்டி இப்ப அதைத் 'தேய்க்கிற தைலம்'னு சொல்றாங்க, ஐயா" என்றான். சீட்டில் என் பெயரும் இருக்கிறது. அதற்கு மேலே, பெரிய எழுத்தில், மாணவர்கள் அந்தப் பாட்டியின் பெயரை எழுதியிருக்கிறார்கள்.